ஆனால் வைத்த ஆப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீ, அத்தான், அப்பா மூவரும் நலம்தானே? அப்பாவின் முழங்கால் படியேற விடுகிறதா, இல்லை இன்னும் முரண்டு பிடிக்கிறதா?

போனில் நான் பாதியை மறைக்கிறேன், கடிதத்தில் எனக்கு மறைக்கத் தெரியாது என்று நீ கண்டுபிடித்ததிலிருந்து என் பாடு திண்டாட்டம். ஓர் ஆராய்ச்சிக்காரியை உட்கார வைத்துத் தாளில் எழுத வைக்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி நீ ஒருத்திதான் இருப்பாய்.

"உங்க தங்கச்சி அங்க என்னதான் பண்றாங்க?" என்று உன்னிடம் வண்டி பழகுகிறவர்கள் கேட்கிறார்களாமே. இப்படிச் சொல். ஒரு பம்பு, ஒரு பாலம், ஒரு கடைவாய்ப் பல், எதுவானாலும் சரி. அது சூட்டில் எப்படி விரியும், பாரத்தில் எங்கே விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரால் ஒரே வாயில் விழுங்கிக் கணக்குப் போட முடியாது. கவளம் கவளமாக ஊட்ட வேண்டும். அதற்காக அந்த உருவத்தை, நடுவில் இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், நான்கு முகம் உள்ள சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வலை போடுவது என்று பேர். உன் தங்கை வலை போடுகிறவள்.

இதில் என் பரம எதிரி ஒன்று உண்டு. நான் அதற்குச் சப்பை என்று பேர் வைத்திருக்கிறேன். அந்தத் துண்டின் பக்கங்களை அளந்தால் எல்லாம் ஒழுங்கான நீளம், குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு மூலையும் தரையில் படுத்துவிட்டதுபோல் தட்டையாக இருக்கும், உள்ளே இடமே இருக்காது. அப்படி ஒன்று கலந்தாலும் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும். அதைக் கண்டால் புதிதாக ஒரு புள்ளி வைத்து, சுற்றியுள்ள துண்டுகளைக் கலைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதில் இன்னொரு மோசமான துண்டு முளைத்தால் இன்னொரு புள்ளி. இது எப்போதாவது நிற்குமா என்பதுதான் கேள்வி. எந்த உருவத்தைக் கொடுத்தாலும் நிற்கும், ஒரு சப்பைகூட மிஞ்சாது என்று நாங்கள் நிரூபித்துவிட்டோம்.

செப்டம்பரில் துறை கூடி, என் வேலையை நிரந்தரமாக்குவதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று முடிவு செய்யும். இந்த நிரூபணம் ஒன்றுதான் என் கைவசம். அடுத்த மாதம் எல்லோர் முன்னாலும் பேசப் போகிறேன். வேண்டிக்கொள்.

அப்பாவுக்கு என் முத்தம்.

உன் முட்டைக்கண்ணி


பிப்ரவரி 24

அடியே முட்டைக்கண்ணி,

நாங்கள் சௌக்கியம். நாங்கள் என்றால் நான், உன் அத்தான், அப்பா. விரல் விட்டு எண்ணிக்கொள். "நாங்கள் நிரூபித்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறாயே, அது யாரடி அந்த நாங்கள்? நீ தனியாகத்தானே மூளையைக் கசக்கினாய்? வலை போடுகிறேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். ஏதாவது சிக்கிற்றா?

நீ சொன்னதை என் வகுப்பில் சொன்னேன். கவளம் வரைக்கும் புரிந்தது. அதற்கு மேல் ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கு நன்றாகவே புரிந்தது. நிற்குமா நிற்காதா என்பதுதானே என் பிழைப்பும். போன வாரம் ஒரு பல் டாக்டர், நல்ல படிப்பாளி, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, எங்கள் போர்டையே இடித்துத் தள்ளிவிட்டார். "சாரி மேடம், பதட்டத்துல காலு மாறிடுச்சு" என்றார். "பல்லைப் பிடுங்கும்போது இப்படி மாறாதில்ல?" என்று கேட்டேன். அவரிடம் இனிப் பல்லைக் காட்ட முடியாது.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் புத்தகங்களுக்கென்று அத்தான் சுவரில் பலகை அடித்திருக்கிறார், கொஞ்சம் சாய்வாக. நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கல்லூரியில் கணக்குக்கு ஆள் தேடுகிறார்களாம். சும்மா சொல்லி வைத்தேன்.

அப்பாவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. டி.வி. ரிமோட் எடுக்க எழுந்திருப்பார், தண்ணீர் எடுக்க எழுந்திருக்க மாட்டார்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் உடம்புக்கு நலம். மற்றதைக் கேட்காதே என்று எழுதலாம், நீ கேட்பாய்.

முதலில் அந்த நாங்கள். எங்கள் கட்டுரைகளில் ஒருத்தி எழுதினாலும் நாங்கள் என்றுதான் எழுத வேண்டும். அது வழக்கம். எழுதி எழுதிக் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் ஒண்டிக்கட்டை நாங்கள். போதுமா?

இனி நடந்த கூத்து. எங்கள் துறை இருக்கும் மாடியில் ஒரு மனிதர் இருக்கிறார். கம்ப்யூட்டர் கணக்கில் நுழையும் சில்லறைப் பிழைகளைத் துரத்துவது அவர் வேலை. யார் என்ன பேசினாலும் கையைத் தூக்கி "ஆனா..." என்று ஆரம்பிப்பார். டீ நன்றாக இருக்கிறது என்றால்கூட ஓர் ஆனா வரும். அதனால் எங்கள் மாடியில் அவர் பெயரே ஆனால். நல்ல உயரம், சட்டைக் கை எப்போதும் மடித்தபடி, முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

நான் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். ஆனால் எழுந்தார். நேராக வாசலுக்குப் போய், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் சொருகியிருந்த மரத்துண்டை உருவினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்த மரத்துண்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "ரொம்ப அழகா இருந்துச்சு. ஆனா, இதுக்கு நிக்குமா?" என்றார்.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்தத் துண்டின் கூரான விளிம்பில் அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு சுவர்கள்போல் நெருக்கியடித்துச் சேர்கின்றன. மேல்சுவரில் ஒரு புள்ளி வைத்தால் கீழ்ச்சுவருக்குப் பொறுக்காது. அங்கே ஒன்று வைத்தால் மேல்சுவருக்கு ஆகாது. மாற்றி மாற்றி, கூர்முனையை நோக்கிச் சின்னதாகிக்கொண்டே போகும். ஒருநாளும் நிற்காது.

ஒருவர் நம் காலை வாரிவிட்டால் ஆப்பு வைத்துவிட்டான் என்கிறோமே, இவர் நிஜமாகவே மேஜைமேல் ஆப்பை வைத்தார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன் முட்டைக்கண்ணி


ஏப்ரல் 1

கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளட்சை மிதிக்காமல் கியர் போட்டேன். என்னிடம் பழகுகிற பெண் "மேடம், சத்தம் வருது" என்றாள். அவளுக்கு நல்ல காது.

யாரடி அந்த ஆள்? அவன் வீட்டில் வேறு கதவு இல்லையா? சந்தேகம் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதுதானே, நாலு பேர் முன்னாலா உருவி வைப்பது? அந்த ஆளை ஒரு நாள் என் வண்டியில் ஏற்றிவிடு. ஆனா ஆனா என்று சொல்லச் சொல்ல, சந்தை நடுவில் ரிவர்ஸ் எடுக்க வைக்கிறேன். அத்தான் என்னைவிட மோசம். "அந்தத் துண்டை நல்லா இழைச்சு முனைய மழுக்கிட்டா கணக்கு சரியா வந்துடாதா?" என்று கேட்கிறார். உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

அழுததை எழுதினாயே, அதுதான் என் தங்கை. போனில் "ஒண்ணுமில்லக்கா" என்றிருப்பாய்.

இங்கே வந்துவிடேன். கல்லூரியில் இன்னும் ஆள் எடுக்கவில்லை. ஜூன் வரை காத்திருப்பார்களாம். அத்தான் பலகையைக் கழற்றி நேராக அடித்துவிட்டார். இப்போது மறுபக்கம் சாய்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? பதில் தாமதமானதற்கு என் காதைத் திருகாதே. லேசான தடுமன், வேறொன்றுமில்லை. அத்தானிடம் சொல், முனையை மழுக்கினால் கணக்கு வரும், ஆனால் கதவு நிற்காது.

நான் பேசியதற்கு மறுநாள் அறைக்கு வந்தால், வாசலில் ஆனால் நிற்கிறார், கையில் அதே ஆப்பு. "மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன். நேத்து நான் உங்ககிட்ட தனியா சொல்லியிருக்கணும். ஆனா, சொன்னது சரிதான்" என்றார். இதற்குப் பேர் மன்னிப்பா? முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தலாம் என்று பார்த்தேன். அதற்குள் குனிந்து ஆப்பைக் கதவுக்கு அடியில் சொருகிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் கதவு திறந்தே கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். முக்கால்வாசி ஆனால்தான். பலகை முழுக்க எழுதுவோம், அவர் ஆனா என்பார், அழிப்போம். அவர் நல்லவர் என்றெல்லாம் நினைத்துவிடாதே. என் சாக்பீஸை எடுத்தால் திருப்பி வைக்க மாட்டார்.

ஞாயிறன்று நாங்கள் ஆற்றங்கரை வரை நடந்தோம். திரும்பும்போது நல்ல மழை. இடது தோள் மட்டும் தொப்பலாக நனைந்துவிட்டது. அதில் வந்த தடுமன்தான்.

கல்லூரியைப் பற்றி யோசிக்கிறேன்.

உன் முட்டைக்கண்ணி


மே 24

அடியே,

நாங்கள் மூவரும் நலம். தடுமனுக்கு ஆவி பிடி.

ஒரு சந்தேகம். இடது தோள் மட்டும் எப்படி நனையும்? உங்கள் ஊரில் மழை பாதி ஆளுக்குத்தான் பெய்யுமா? சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கப் போகிறேன், எனக்குத் தலைக்கு மேல் வேலை.

பார்சலில் ஒரு குடை அனுப்பியிருக்கிறேன். கடையில் பெரிய சைஸ்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு ரொம்ப அதிகம்தான், என்ன செய்வது. பிடித்துக்கொண்டு நடக்கக் கை வலித்தால், உயரமான ஆள் யாரிடமாவது கொடு.

பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. பிரேக்கில் கால் வைத்ததும் "நின்னுடுச்சு மேடம்!" என்று கத்தினார். உன் ஞாபகம் வந்தது.

கல்லூரிக்காரர்கள் நேற்றுத் திரும்பவும் கேட்டார்கள். சரி என்று சொல்லட்டுமா? ஒரே ஒரு வார்த்தை எழுது. மாடி அறை ஜன்னலுக்குத் திரை தைத்தாயிற்று. உனக்குப் பிடித்த நீலம்.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? குடை வந்தது. அது குடையா, கல்யாணப் பந்தலா? கை வலிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கூர் மூலையில், மேல்சுவரும் கீழ்ச்சுவரும் தன் தன் இஷ்டத்துக்குப் புள்ளி வைத்துக்கொள்வதுதான் சண்டைக்கே காரணம். மூலையிலிருந்து இன்னின்ன தூரத்தில்தான் வைப்போம் என்று இரண்டும் முதலிலேயே பேசி ஒத்துக்கொண்டால்? புள்ளிகள் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக நிற்கும். யாரும் யாரையும் உரச மாட்டார்கள். பாதியை நான் சொன்னேன், மீதியை ஆனால் சொன்னார். யார் எந்தப் பாதி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இது இன்னும் யோசனைதான், நிரூபணம் இல்லை. செப்டம்பருக்குள் முடியுமா என்று தெரியாது.

அக்கா, கல்லூரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. செப்டம்பரில் இவர்கள் என்னை அனுப்பிவிட்டாலும் இதே ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இதை முடிக்கப் பார்ப்பேன். பாதியில் போட்டுவிட்டு வர முடியாது.

அப்பாவுக்கு என் முத்தம்.

உன் முட்டைக்கண்ணி


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. அப்பாவிடம் போனில் கேட்டால், "உங்கக்காவா? நல்லாத்தான் இருக்கா. மாடியில ஏதோ உருட்டிட்டிருக்கா" என்கிறார். கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? முடிந்துவிட்டது அக்கா. நிரூபணம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் போவதற்கு முன் ஆனாலிடமே கொடுத்தேன். அவர் கிடைத்த கூர்மையை எல்லாம் கொண்டுவந்தார். சீப்பு, மரையாணி, உடைந்த ஜாடி மூடி, கடைசியில் நீ அனுப்பிய குடையின் நுனி. எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினோம். ஒவ்வொன்றிலும் நின்றது. ஒரு சப்பை இல்லை. பிறகு நிரூபணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார். நான் காத்திருந்தேன். அவ்வளவுதான், சரி மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை குழாயைத் திறந்துவிடவில்லை.

எழுது அக்கா.

உன் முட்டைக்கண்ணி


ஆகஸ்ட் 10

என் தங்கமே,

அத்தானும் அப்பாவும் நலம். நான் இப்போது நலம்.

கோபம்தான். நிறைய. எழுதி எழுதிக் கிழித்தேன். வேண்டாம் என்று எழுதிய கடிதத்தில் மாடி அறையைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. நீ வருவாய், மாலையில் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரையே கேலி பண்ணலாம் என்று நான் ஆசையாக இருந்தேன். அந்த ஆசைக்காகத்தான் திரை தைத்தேன், உன் கணக்குக்காக இல்லை. உன் பக்கத்தில் இருக்க வேண்டும் போல எனக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். முதல் கடிதத்தில் நீ ஜெயித்தாய், ஆனால் அதில் ஒரு சிரிப்பு இல்லை. மே மாதக் கடிதத்தில் தோற்று, தடுமனும் பிடித்து, உட்கார்ந்திருக்கிறாய். அதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவ்வளவு சந்தோஷம் உன்னிடம் எப்போது பார்த்தேன்? சரி போ என்று விட்டுவிட்டேன்.

மாடி இப்போது வகுப்பறை. ஒரு பழைய ஸ்டீயரிங்கும் மூன்று பெடலும் தரையில் பதித்தாயிற்று, அப்பா கேட்ட உருட்டல் அதுதான். நீலத் திரை அப்படியே இருக்கிறது. அத்தானின் பலகையில் ஹெல்மெட் வைத்தால் உருண்டு விழுகிறது.

செப்டம்பரில் உன் முடிவு நாளுக்கு நான் வருகிறேன். அத்தான் அப்பாவோடு இருப்பார். குடையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பிடித்துக்கொண்டு வருகிறவரையும்.

அக்கா


செப்டம்பர் 29

என் நிரந்தர முட்டைக்கண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து தெருவில் ஒருவரையும் விடவில்லை. "என் தங்கச்சிய எடுத்துட்டாங்க, இனி ஒருத்தரும் அசைக்க முடியாது" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அப்பா தானாக எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த அறைக்குள் அவர்கள் உன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறார், முழங்கை வரைக்கும் தூள். வெயிலடிக்கிற நாளில் மடியில் அந்தப் பந்தல் குடை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ குரலை உயர்த்தினால் இவருக்கு இங்கே வியர்க்கிறது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "தம்பி, என் தங்கச்சிய உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றார்.

நான் காத்திருந்தேன். அவரைப் பற்றித்தான் எனக்கு எல்லாம் தெரியுமே. வாயைத் திறந்தார், மூடினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வந்துவிட்டது.

"ஆனா, அவங்ககிட்ட இன்னும் சொல்லலங்க."

பெஞ்சே குலுங்கச் சிரித்தேன். ஆற்றங்கரை, குடை, சீப்பு, மரையாணி, இவ்வளவும் நடந்திருக்கிறது, இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை! நீ சொன்ன அந்த மேல்சுவரும் கீழ்ச்சுவரும்கூடப் பேசி ஒத்துக்கொண்டுவிட்டன, உங்களுக்கு என்னடி கேடு? "ஏன் சொல்லல?" என்று கேட்டால், "கதவு எப்பவும் திறந்தே இருக்குங்க, யாராவது எட்டிப் பாக்குறாங்க. நானும் சும்மா அப்படியே உள்ள போயிடறேன், எதுக்கு வந்தேன்னு அவங்களும் கேக்கறதில்ல" என்கிறான். அவன் என்று எழுதிவிட்டேன், போகட்டும். நம் வீட்டுப் பிள்ளையை வேறு எப்படி எழுதுவது?

இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் சொல்லியிருந்தால் இதைக் கிழித்துப் போடு. இல்லாவிட்டால் நான் சொல்வதைச் செய். குனிந்து அந்த ஆப்பை உருவு. கதவைச் சாத்து. வந்து தட்டட்டும். தட்டினால் எதற்கு வந்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் காலையில் வந்தது. படித்து முடித்ததும் ஆப்பை உருவிக் கதவைச் சாத்தினேன். உள்ளே உட்கார்ந்து ஒரு வரி எழுதவில்லை, நகத்தைத்தான் கடித்தேன். வராந்தாவில் காலடிச் சத்தம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. நிற்குமா நிற்காதா என்று ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணினவள் நான், அந்தச் சத்தத்துக்கு மட்டும் எனக்கு ஒரு நிரூபணமும் தெரியவில்லை.

தட்டினார்.

அப்பாவிடமும் அத்தானிடமும் நீயே சொல்லிவிடு, எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாடியில் ஹெல்மெட்டுகளைக் கொஞ்சம் ஒதுக்கி வை, அடுத்த மாதம் வருகிறோம். விரல் விட்டு எண்ணிக்கொள் அக்கா, இது கட்டுரை வழக்கம் இல்லை.

இங்கு நாங்கள் நலம்.

உன் முட்டைக்கண்ணி